கஹ்ஹால்களின் வலைப்படலமும் இமை திறக்கும் கம்பியும்

பக்தாதில் வாழ்ந்த கண் மருத்துவர் அலீ இப்னு ஈஸா, கி.பி. 1000ஐ ஒட்டிய காலத்தில் எழுதிய ‘தத்கிரத்துல் கஹ்ஹாலீன்’ என்னும் நூல் மூன்று பகுதிகளாக அமைந்தது. முதற்பகுதி கண்ணின் அமைப்பைச் சொல்கிறது. இரண்டாம் பகுதி கண்ணில் வெளிப்படையாகத் தெரியும் நோய்களையும், மூன்றாம் பகுதி புலனுக்கு மறைந்திருக்கும் நோய்களையும் விவரிக்கின்றன. ‘கஹ்ஹால்’ என்பதன் நேர்ப்பொருள் சுர்மா இடுபவர் என்பதே. ‘குஹ்ல்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த அப்பெயர், காலப்போக்கில் கண் மருத்துவர் அனைவருக்கும் உரியதாயிற்று. ஹைதராபாத் தாயிரத்துல் மஆரிஃபில் உஸ்மானிய்யா இந்நூலை 1964இல் அச்சிட்டு வெளியிட்டது. நான் அதை முதன்முதலில் கையிலெடுத்தது மருத்துவம் அறியும் நோக்கத்தால் அன்று. பழைய அரபுக் கலைச்சொற்களைத் திரட்டும் நோக்கத்தால்தான். வெளிப்படையானவை, மறைந்தவை என்ற அந்தப் பகுப்பு அப்போது ஒரு நூலாசிரியர் தம் வசதிக்காகச் செய்துகொண்ட ஒழுங்காகவே எனக்குத் தோன்றியது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மகளுக்கு 31ஆம் வாரத்திலேயே பெண் குழந்தை பிறந்தது. எடை 1,400 கிராம். இன்குபேட்டரில் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். நான்காம் வாரத்தில் கண் மருத்துவர் ஒருவர் வந்தார். குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றிப் படுக்க வைத்து, செவிலியர் தலையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விடப்பட்டது. பின்னர் மருத்துவர், கூந்தல் ஊசியை வளைத்தாற்போன்ற சின்னஞ்சிறு கம்பி ஒன்றை விரல்களால் அழுத்திப் பிடித்து, இமைகளின் இடையே செருகிக் கையை எடுத்தார். கம்பி தானே விரிந்தது. இமைகள் இரண்டும் மேலும் கீழுமாக விலகி நின்றன. “ஐயா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க. வீட்டுப் பெரியவங்க இதைப் பார்த்தா தாங்க மாட்டாங்க” என்றார் அவர். வெளியே வந்து நின்றேன். குழந்தையின் அழுகை கதவைக் கடந்து வந்தது.

அரை மணி நேரம் கழித்து அழைத்துக் கணினித் திரையில் படத்தைக் காட்டினார். செம்மஞ்சள் நிற வட்டம். அதன் ஒரு புள்ளியிலிருந்து வேர்கள்போலப் பிரிந்து ஓடும் குருதி நாளங்கள். ஓரத்தில், நாளங்கள் இன்னும் எட்டாத ஒரு வெளிறிய பிறை. வகுப்பறையில் எத்தனையோ ஆண்டுகள் நான் ‘ஷபகிய்யா’ என்று கரும்பலகையில் எழுதிய சொல்லின் பொருள் அதுதான். அலீ இப்னு ஈஸாவின் நூலில் மூன்றாம் பகுதிக்குரியதாக இருந்த ஒன்று, என் கண்ணெதிரே இரண்டாம் பகுதிக்கு வந்துவிட்டிருந்தது. அது எவ்வாறு வந்தது, அதில் அந்தச் சிறு கம்பியின் பங்கு யாது என்று அறியும் ஆவலே இக்கட்டுரைக்குக் காரணம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். கண்ணின் உட்சுவரில் படர்ந்துள்ள மெல்லிய படலத்தைக் கிரேக்க மருத்துவர்கள் மீனவரின் வீச்சுவலைக்கு ஒப்பிட்டுப் பெயரிட்டனர். ஜாலீனூஸ் என்று அரபு நூல்கள் குறிக்கும் கேலன் அப்பெயரையே ஆண்டார். ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் கிரேக்க நூல்களை அரபாக்கிய ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (மறைவு 873) காலத்தில், வலை என்று பொருள்படும் ‘ஷபகா’விலிருந்து ‘அத்-தபகத்துஷ் ஷபகிய்யா’, அதாவது வலைப்படலம், என்ற சொல் வழக்கில் நிலைத்தது. இப்னு சீனாவின் ‘அல்-கானூன்’ டொலேடோவில் இலத்தீனாக்கப்பட்டபோது, வலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லான ‘ரேத்தே’யின் அடியாக ‘ரெட்டினா’ பிறந்தது என்பதும், அதை ஆக்கியவர் கிரெமோனாவின் ஜெரார்டு (மறைவு 1187) என்பதும் பொதுவாகச் சொல்லப்படுவன. தமிழில் நாம் விழித்திரை என்கிறோம். திரை என்பது படம் விழும் இடத்தை நினைவூட்டும் பிற்கால அறிவுக்குரிய சொல். வலை என்பது அறுத்துப் பார்த்தவர் கண்ட உருவத்திற்குரிய சொல்.

ஹுனைன் எழுதிய ‘அல்-அஷ்ரு மகாலாத் ஃபில் ஐன்’, கண்ணைப் பற்றிய பத்துக் கட்டுரைகளின் தொகுப்பாகும். மாக்ஸ் மெயர்ஹோஃப் 1928இல் கெய்ரோவில் இதைப் பதிப்பித்தார். கண்ணின் ஏழு படலங்கள், மூன்று நீர்மங்கள் என்று பகுத்துக் கூறும் இந்நூலில், பார்வையின் முதன்மை உறுப்பாகக் கருதப்படுவது பளிங்கு போன்ற ‘ஜலீதிய்யா’, அதாவது இன்று நாம் விழிவில்லை என்பது. வலைப்படலம் அதற்கு ஊட்டம் கொண்டுவரும் ஏவலாளாகவே எண்ணப்பட்டது. ‘கிதாபுல் மனாழிர்’ எழுதி, கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழங்கொள்கையை மறுத்த இப்னுல் ஹைஸமும் (மறைவு சுமார் 1040) வில்லையின் முதன்மையை மாற்றவில்லை. படம் விழுவது வலைப்படலத்தின் மீதே என்று ஜெர்மானியரான கெப்ளர் 1604இல் நிறுவும்வரை நிலைமை இதுவே. ஆகவே நம் கஹ்ஹால்கள் வலைப்படலத்தை உயிருள்ள கண்ணில் காணவில்லை என்பது மட்டுமன்று, காண வேண்டிய தேவையையே அவர்கள் உணர்ந்திருக்க வழியில்லை.

இதை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் மீலாது மலர்களிலும் பள்ளிக் கண்காட்சிகளிலும், இன்றைய கண் மருத்துவக் கருவிகள் அனைத்தும் அன்றே முஸ்லிம்கள் கண்டுபிடித்தவை என்று எழுதிவைக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. எவ்வித ஆதாரமும் காட்டாத பட்டியல்கள் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. அவற்றை எழுதுவோர் தத்கிராவையோ தஸ்ரீஃபையோ ஒரு பக்கமேனும் படித்திருப்பார்களா என்பது ஐயமே. ஹுனைன் நெஸ்தோரியக் கிறித்தவர் என்பதுகூட அவற்றில் இடம்பெறுவதில்லை. உண்மையில் அம்மருத்துவர்கள் செய்தது என்ன என்று பார்த்தால், அதுவே போதிய பெருமையுடையது. மிகைப்படுத்த வேண்டிய தேவையே இல்லை.

இமையைத் திறந்து நிறுத்துவது எவ்வளவு கடினமான செயல் என்பதை முதலில் எண்ணிப் பார்க்க வேண்டும். கண்ணைச் சுற்றி வளையமாக அமைந்த தசை, ஏதேனும் அருகில் வந்த மாத்திரத்தில், மனத்தின் ஆணைக்குக் காத்திராமல் இமைகளை மூடிவிடுகிறது. விரலால் வலிந்து திறந்தாலும் விழி தானே மேல்நோக்கிச் சுழன்று ஒளிந்துகொள்ளும். இதைச் சார்லஸ் பெல் 1823இல் விவரித்ததால் இன்றளவும் அவர் பெயரால் வழங்குகிறது. அப்படியே திறந்து நின்றாலும், சில நொடிகளுக்கு ஒருமுறை இமை வந்து ஈரம் பூசாவிடில் கருவிழியின் மேற்பரப்பு உலர்ந்து மங்கிவிடும். இமைகள் கண்ணுக்குக் காவலாகவும் ஓய்வாகவும் அமைந்த பாங்கினை இப்னுல் ஹைஸம் தம் நூலின் முதற்பகுதியிலேயே பேசுகிறார். அந்தக் காவலை மீறித்தான் மருத்துவர் உள்ளே செல்ல வேண்டும்.

குர்துபாவின் அபுல் காஸிம் அஸ்-ஸஹ்ராவீ (மறைவு சுமார் 1013) எழுதிய ‘அத்-தஸ்ரீஃப்’ முப்பது பகுதிகள் கொண்ட பெருநூல். அறுவை மருத்துவத்திற்குரிய இறுதிப் பகுதியில் ஏறத்தாழ இருநூறு கருவிகள் வரைந்து காட்டப்பட்டுள்ளன. அதில் கண்புரையை ஊசியால் தள்ளும் முறையை அவர் விவரிப்பதைப் பாருங்கள்: நோயாளியை வெயில் வெளிச்சத்தில் எதிரே அமர்த்த வேண்டும்; நலமான கண்ணைத் துணியால் இறுகக் கட்டிவிட வேண்டும்; இடக்கண்ணில் புரை என்றால் மருத்துவர் தம் இடக்கையாலும், வலக்கண் என்றால் வலக்கையாலும் இமையை உயர்த்திப் பிடிக்க வேண்டும். கருவி எதுவும் இல்லை, விரல்தான். நலமான கண்ணைக் கட்டுவதன் நுட்பம் இரு கண்களும் சேர்ந்தே அசைவன என்பதில் உள்ளது. ஒன்றன் அசைவை அடக்கினால் மற்றதும் அடங்கும்.

ஆனால் ‘ஸபல்’ என்னும் நோய்க்குரிய அறுவை இவ்வாறன்று. இமையின் உட்புறம் சொரசொரப்பாகும் ‘ஜரப்’, அதாவது இன்று டிராக்கோமா எனப்படும் நோய் முற்றும்போது, கருவிழியின் மேல் குருதி நாளங்கள் வலைபோல் படர்ந்து பார்வையை மறைக்கும். அதுவே ஸபல். மத்தியக் கிழக்கில் மிகப் பரவலாக இருந்த நோய் இது. அந்த நாளப் படலத்தை மிக நுண்ணிய கொக்கிகளால் சிறிது சிறிதாக உயர்த்தி, மெல்லிய கத்தியாலோ கத்தரிக்கோலாலோ அறுத்தெடுத்தனர். இதற்கு நேரம் பிடிக்கும். ஒரு கையில் கொக்கி, மறுகையில் கத்தரி என்றால் இமையைப் பிடிக்க மருத்துவருக்கு மூன்றாவது கை வேண்டும். ஆகவேதான் இந்த அறுவைக்கு, அறுவை முடியும்வரை கண்ணைத் திறந்தே வைத்திருக்கும் கருவிகளையும் அவர்கள் கையாண்டனர். ஹலபைச் சேர்ந்த கலீஃபா இப்னு அபில் மஹாஸின் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய ‘அல்-காஃபீ ஃபில் குஹ்ல்’ நூலில் 36 கண் கருவிகளைப் படத்துடன் அட்டவணையாகத் தந்துள்ளார். தம் கைத்திறத்தில் எத்தகைய உறுதி இருந்திருந்தால், ஒற்றைக் கண் மட்டுமே எஞ்சியிருந்த ஒருவருக்கு அவர் புரை அறுவை செய்யத் துணிந்திருப்பார்!

நூலில் எழுதப்பட்டதெல்லாம் நடைமுறையில் செய்யப்பட்டதா என்ற கேள்வி எழும். ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் எமிலி சாவேஜ்-ஸ்மித் 2000இல் வெளியான தம் ஆய்வில் இக்கேள்வியையே எழுப்பினார். முந்தைய நூல்களைப் பார்த்து வழிவழியாக எழுதிவைக்கப்பட்ட அறுவைகளும் உண்டு என்பதை மறுக்க முடியாது. கண் மருத்துவத்தைப் பொறுத்தவரை நமக்கு வேறொரு சான்று இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அஷ்-ஷைஸரீ எழுதிய சந்தைக் கண்காணிப்பாளர் கையேட்டில், கஹ்ஹால்களை முஹ்தஸிப் எவ்வாறு சோதிக்க வேண்டும் என்று ஒரு பிரிவே உள்ளது. ஹுனைனின் பத்துக் கட்டுரைகளிலிருந்து கேள்வி கேட்க வேண்டும். படலங்களும் நீர்மங்களும் நோய்களும் அறிந்தவரையே தொழில் செய்ய விட வேண்டும். ஸபலுக்கும் ‘ழஃபரா’ எனும் சதை வளர்ச்சிக்கும் உரிய கொக்கிகள் முதலான கருவிகள் அவரிடம் குறையாமல் இருக்க வேண்டும். தெருவோரத்தில் சுர்மா விற்றுக்கொண்டே பிறர் கண்ணில் கத்தி வைப்பவர்களை நம்பலாகாது என்றும் அவர் எச்சரிக்கிறார். சந்தையில் ஆய்வு செய்யும் அதிகாரி ஒரு கொக்கியைத் தேடிப் பார்க்கிறார் என்றால், அது ஏட்டில் மட்டும் இருந்த கொக்கி அன்று.

இந்த நூல்களை மேற்குலகிற்கு மீண்டும் அறிமுகப்படுத்தியவர்களுள் தலையாயவர் பெர்லின் கண் மருத்துவர் ஜூலியஸ் ஹிர்ஷ்பர்க் (1843–1925). தொழிலால் அறுவை மருத்துவர். கைப்பிரதிகளிலிருந்து அரபு நூல்களை ஆராய்ந்து, 1904, 1905 ஆண்டுகளில் மொழிபெயர்ப்பாக வெளியிட்டார். கத்தி பிடித்த கையே அந்நூல்களைப் படித்ததால்தான், வெறும் மொழியறிஞர் கவனிக்கத் தவறும் இடங்களை அவர் கவனித்தார் என்பது என் துணிபு. என்னைப் போன்றவர்கள் படிக்கும்போது ‘கொக்கி’ என்பது ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறது.

இனி, மறைந்திருந்தது வெளிப்பட்ட கதைக்கு வருவோம். ஒருவர் கண்ணுள் நோக்கினால் பாவை ஏன் கறுத்துத் தெரிகிறது? கண்ணினுள் புகுந்த ஒளி தான் வந்த வழியே திரும்பிச் செல்கிறது. அந்த வழியில் நம் கண்ணை வைத்தால் நம் தலையே உள்ளே செல்லும் ஒளியை மறைத்துவிடுகிறது. இந்தச் சிக்கலை ஜெர்மானியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் அவிழ்த்தார். சாய்வாக வைத்த கண்ணாடித் தகடுகளால் விளக்கொளியை நோயாளியின் கண்ணுள் திருப்பி, அத்தகடுகளின் ஊடாகவே தாம் நோக்கினார். உயிருள்ள மனிதக் கண்ணின் வலைப்படலம் தெளிவாகப் புலப்பட்டது. மறு ஆண்டே நூலாக வெளியிட்ட அவர், அக்கருவிக்குக் கண்ணாடி என்று பொருள்படும் பெயரையே தம் மொழியில் சூட்டினார். இமையை விலக்கி நிறுத்தும் கம்பிக்கு மருத்துவமனைகளில் வழங்கும் பெயர் ஸ்பெக்குலம்; அந்த இலத்தீன் சொல்லுக்கும் முகம் பார்க்கும் கண்ணாடி என்பதே பொருள். திறப்பதும் கண்ணாடி, பார்ப்பதும் கண்ணாடி. சொற்களின் இந்தத் தற்செயல் ஒற்றுமையை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் மறப்பதில்லை.

அக்காலத்தில் கம்பியால் திறக்கப்பட்ட கண் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. கண் மேற்பரப்பை மரக்கச் செய்யும் வழி 1884 வரை இல்லை. அவ்வாண்டு வியன்னாவின் இளம் மருத்துவர் கார்ல் கோலர், கொக்கெய்ன் கரைசலைச் சொட்டாக விட்டால் கண் உணர்விழப்பதைக் கண்டறிந்தார். ஹைடெல்பர்க் மாநாட்டில் அது செய்துகாட்டப்பட்டது. இமைக்கம்பியின் வரலாற்றில், கம்பியின் வடிவத்தில் நேர்ந்த எந்த மாற்றத்தைக் காட்டிலும் இச்சொட்டு மருந்தே பெரிய திருப்பம் எனக் கருதுகிறேன். கொக்கெய்னின் இடத்தை அதனினும் தீங்கு குறைந்த மருந்துகள் பின்னர்ப் பிடித்தன.

பார்த்ததைப் பதிவு செய்வது அடுத்த படி. மனிதக் கண்ணின் உட்புற ஒளிப்படத்தை 1886இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜாக்மன், வெப்ஸ்டர் என்னும் இருவர் வெளியிட்டனர். கேமராவை நோயாளியின் தலையோடு பிணைத்து, இரண்டரை நிமிடங்கள் ஒளி படிய விட்டு எடுத்த படம் அது. இரண்டரை நிமிடம் கண்ணை மூடாமல், அசைக்காமல் இருந்து பாருங்கள், தெரியும். பின்னர் வியன்னாவின் டிம்மர் பல்லாண்டு உழைத்துத் தெளிந்த படங்களை 1907இல் வெளியிட்டார். ஸ்வீடனின் நோர்டென்சன் வடிவமைத்த கேமராவை 1926இல் கார்ல் ஸைஸ் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒளி படியும் நேரம் அரை நொடியளவுக்கு இறங்கியது. 1950களில் மின் பிளாஷ் வந்தபின் அது கண் சிமிட்டும் நேரத்தினும் சிறியதாயிற்று.

இங்கே ஸஹ்ராவீயின் நூலில் கண்ட அதே கணக்கு மீண்டும் வருவதைக் கவனிக்கலாம். வேலை விரைவில் முடியுமானால் விரல் போதும். நீளுமானால் கருவி வேண்டும். பிளாஷ் வந்தபின், சொன்னதைக் கேட்டு நடக்கும் வளர்ந்தவர்க்குக் கம்பி தேவையற்றதாயிற்று. நீரிழிவு உள்ளவன் என்ற முறையில் ஆண்டுக்கொரு முறை நானும் அந்தக் கேமராவின் முன் மோவாயை வைத்து அமர்கிறேன். படம் எடுக்கும் பெண், “நல்லா முழிச்சுப் பாருங்கய்யா” என்று சொல்லிக்கொண்டே தம் விரலால் மேலிமையைத் தூக்கிப் பிடிப்பார். ஒருமுறை காது குடையும் பஞ்சுக் குச்சியால் பிடித்தார். இமை தொங்கியவர்க்கும் முதியவர்க்கும் அவ்வாறு செய்வது வழக்கமாம். ஒரே படத்தில் 200 பாகை அளவுக்கு விரிந்த பரப்பைக் காட்டும் கருவிகள் வந்தபின் இமையும் இமைமயிரும் மீண்டும் தொல்லையாகிவிட்டன; பார்க்கும் பரப்பு விரிய விரிய, அவற்றின் நிழல் படத்தின் ஓரத்தை மறைக்கிறது. விலை மிக்க கருவியின் பக்கத்தில் பஞ்சுக் குச்சி இருப்பதன் காரணம் இதுவே.

சொன்னதைக் கேட்டு நடக்க இயலாதவர் ஒருவர் உண்டு. அவர் பச்சிளங்குழந்தை. கருவில் பதினாறாம் வார அளவில் பார்வை நரம்பின் முனையிலிருந்து குருதி நாளங்கள் வலைப்படலத்தில் படரத் தொடங்குகின்றன. மூக்கை நோக்கிய ஓரத்தை 36ஆம் வார அளவிலும், பொட்டை நோக்கிய ஓரத்தை 40ஆம் வாரத்தை ஒட்டியும் எட்டுகின்றன. முன்னதாகவே பிறந்துவிட்ட குழந்தையில் அந்தப் பயணம் பாதியில் நிற்கிறது. பின் நாளங்கள் முறைகெட்டு வளர்ந்து, வலைப்படலத்தையே சுவரிலிருந்து பிய்த்து இழுத்துவிடக்கூடும். வில்லைக்குப் பின்னால் வெண்படலமாகத் தெரியும் இதன் முற்றிய நிலையை 1942இல் பாஸ்டனின் டெர்ரி விவரித்தார். குறைமாதக் குழந்தையைப் பிழைக்க வைத்த ஆக்சிஜனே, அளவு மிஞ்சும்போது இதற்குக் காரணமாவதை 1951இல் மெல்பர்னின் கேட் காம்ப்பெல் சுட்டிக்காட்டினார். பிழைக்க வைத்தது எதுவோ அதுவே பார்வையைப் பறித்தது என்பதை ஏற்கவே மருத்துவ உலகிற்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

இந்நோய்க்குச் சிகிச்சை உண்டு. லேசர் ஒளியாலும், கண்ணுள் செலுத்தும் மருந்தாலும் தடுக்கலாம். ஆனால் சிகிச்சைக்குரிய காலம் சில நாள்களே. வெளியிலிருந்து பார்த்தால் கண் நலமாகவே தெரியும். அலீ இப்னு ஈஸாவின் மூன்றாம் பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை. ஆகவே நம் நாட்டில் 34 வாரத்திற்கு முன்போ, 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு, பிறந்து 30 நாள்களுக்குள் முதற்சோதனை செய்துவிட வேண்டும் என்பது நெறிமுறை. 28 வாரத்திற்கு முன் பிறந்ததாயின் இரண்டு, மூன்று வாரங்களிலேயே செய்ய வேண்டும்.

அச்சோதனைதான் அந்தக் கம்பி இல்லாமல் நடைபெறாதது. பார்சலோனாவின் பர்ராக்கெர் மருத்துவக் குடும்பத்தின் பெயரால் வழங்கும் மெல்லிய கம்பி வகையும், குழந்தைகளுக்கென்று அளவு சிறுத்த அல்ஃபொன்சோ வகையும் பரவலாகக் கையாளப்படுகின்றன. திருகு இல்லை, பூட்டு இல்லை; உலோகத்தின் துள்ளுவிசையே இமைகளை விலக்குகிறது. 1997இல் வந்த ரெட்கேம் என்னும் கேமராவின் முனை, கூழ்மம் தடவிய குழந்தையின் கருவிழியையே தொட்டு 130 பாகைப் பரப்பைப் படமெடுக்கிறது. இமை இடையில் வந்தால் படமில்லை. விழி மேலே சுழன்று ஒளிந்துகொண்டால் சிறு கொக்கி போன்ற கருவியால் மெல்லத் திருப்புகிறார்கள். விழியை அழுத்தினால் இதயத் துடிப்பு குறைவதுண்டு என்று 1908இலேயே அறிந்திருந்தனர். அதனால் ஒருவர் துடிப்புமானியைப் பார்த்தபடியே நிற்கிறார். கண் உலராதிருக்க நீர்ச்சொட்டு விடுகிறார்கள். மரக்கும் மருந்து விட்டும் குழந்தைக்கு நோவு இருக்கிறது என்பதை மருத்துவர்கள் மறைப்பதில்லை. நாவில் ஓரிரு சொட்டுச் சர்க்கரைக் கரைசல் இட்டால் அழுகை தணிகிறதாம். என் பேத்திக்குச் செவிலியர் அதை இட்டதைக் கேட்டபோது, பிறந்த குழந்தையின் அண்ணத்தில் பேரீச்சம்பழம் தடவும் தஹ்னீக் என் நினைவுக்கு வந்தது. இன்குபேட்டரில் இருந்ததால் அவளுக்கு அதைச் செய்ய முடியாமற் போயிருந்தது.

இந்தச் சோதனை செய்யப்படாவிட்டால் என்னவாகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1996இல் சென்னையில் அரசு மருத்துவமனை ஒன்றில் 29ஆம் வாரத்தில், 1,250 கிராம் எடையுடன் ஒரு பெண் குழந்தை பிறந்தது. வலைப்படலச் சோதனை செய்யப்படவில்லை. செய்ய வேண்டும் என்று பெற்றோருக்குச் சொல்லவும் இல்லை. தெரிய வந்தபோது காலம் கடந்திருந்தது. குழந்தை பார்வையை இழந்தது. தந்தை பல்லாண்டு வழக்காடினார். 2015 ஜூலை 1 அன்று உச்ச நீதிமன்றம், எதிர்கால மருத்துவச் செலவுக்காக மட்டும் 1 கோடியே 38 இலட்சம் ரூபாய் வழங்குமாறு தீர்ப்பளித்தது. அப்பெண்ணுக்கு அப்போது வயது பதினெட்டைக் கடந்திருந்தது. மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்தவர் விளைவுக்குப் பொறுப்பாளியாவார் என்ற கருத்துடைய நபிமொழி அபூதாவூதிலும் இப்னுமாஜாவிலும் இடம்பெற்றுள்ளது. அறிந்திருந்தும் செய்யாமல் விட்டதை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பது நம் ஃபிக்ஹ் வகுப்புகளில் விவாதிக்கத்தக்க கேள்வி. ஷைஸரீயின் முஹ்தஸிப் கஹ்ஹாலிடம் அறிவை மட்டும் கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து கொக்கி இருக்கிறதா என்றும் பார்த்தார்.

கருவி இருக்குமிடத்திற்குக் குழந்தை வர முடியாதபோது, குழந்தை இருக்குமிடத்திற்குக் கருவி செல்லும் முறை கர்நாடகத்தில் 2008இல் தொடங்கியது. கிட்ராப் என்ற அத்திட்டத்தில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் கேமராவை வண்டியில் ஏற்றிக்கொண்டு சிற்றூர்களின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்குச் செல்கின்றனர். படம் எடுப்பவர்கள் மருத்துவர்கள் அல்லர். அவர்கள் எடுத்தனுப்பும் படத்தை நகரத்திலுள்ள மருத்துவர் பார்த்துக் கருத்துச் சொல்கிறார். கண் மருத்துவரே நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. நேரில் வந்து பார்ப்பது சிறந்ததுதான். ஆனால் வருவதற்கு ஆள் இல்லாத ஊரில் அந்த வாதத்தால் எந்தக் குழந்தைக்கும் பார்வை மிஞ்சப்போவதில்லை.

என் பேத்திக்கு இரண்டு வாரத்திற்கொரு முறை என மொத்தம் ஐந்து தடவை கம்பி வைத்தார்கள். முதல் தடவை வெளியேறிய நான் இரண்டாம் தடவை முதல் உள்ளேயே நின்றேன். மகளால் நிற்க முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் திரையில் அந்த வெளிறிய பிறை சற்றே மெலிந்திருந்தது. ஐந்தாம் தடவை பிறையைக் காணோம். நாளங்கள் ஓரம்வரை சென்று சேர்ந்திருந்தன. மருத்துவர் கம்பியை விரல்களால் அழுத்தி எடுத்து, எஃகுத் தட்டில் போட்டுவிட்டு, “இனிமே இது வேண்டாம் ஐயா. ஒரு வயசுல கூட்டிட்டு வாங்க, சும்மா பார்ப்போம்” என்றார். செவிலியர் துணியைத் தளர்த்தினார். குழந்தை இமைகளை இறுக மூடிக்கொண்டாள்.